தறியை நிறுத்திக் கேட்பது

மான்செஸ்டரில் உள்ள அறிவியல், தொழில்துறை அருங்காட்சியகத்துக்கு நான் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போக ஏற்ற இடம். மழைக்கு ஒதுங்கலாம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. ஒரே வளாகத்தில் பருத்தி ஆலைத் தறிகளும் இருக்கின்றன, 1948இல் இந்த நகரில் பிறந்த ‘பேபி’ என்ற கணினியின் மறு ஆக்கமும் இருக்கிறது. சென்னிமலையிலிருந்து வந்திருந்த என் அம்மா தறியைவிட்டு நகரவில்லை. நான் பேபியைவிட்டு நகரவில்லை. என் மகள் நினைவுப்பொருள் கடையைவிட்டு நகரவில்லை.

தறியை ஓட்டிக் காட்டிய ஊழியர் விளக்கம் சொல்லி முடித்ததும், கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். அம்மா என் கையைத் தொட்டு, “இழை அறுந்தா இது தானா நிக்குமான்னு கேளு” என்றார். கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. ஊடை அறுந்தால் நிற்கும், பாவு அறுந்தால் நிற்காது, ஆள்தான் பார்த்து நிறுத்த வேண்டும் என்றார். அம்மா, “அப்ப நம்மூருத் தறி மாதிரிதான்” என்று தலையாட்டிக்கொண்டார்.

அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, கைத்தறி நெசவாளர். குழித்தறியில் உட்கார்ந்து போர்வை நெய்தவர். பல நூறு இழைகள் ஓடும் பாவில் ஒன்று அறுந்தால் அவர் கை தானாக நின்றுவிடும். சின்ன வயதில் நான் எட்டிப் பார்த்து, எங்கே எங்கே என்று அவருக்கு முன்னால் தேட அவசரப்படுவேன். “மொதல்ல தறிய நிறுத்தோணும் கண்ணு, அப்பறந்தான் தேடோணும்” என்பார்.

அன்று வீடு திரும்பும்போது காரில் மகள் கேட்டாள்: “நீங்க நாள் முழுக்க அந்தக் கறுப்புத் திரையில என்னதான் டைப் பண்றீங்க?” இருபது ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். இந்தக் கேள்விக்கு நான் சொல்லிவந்த பதில்களெல்லாம் சமாளிப்புகள். அன்று அப்புச்சியின் பதிலைச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்துகிறேன், பிறகு அதனிடம் கேட்கிறேன். அவ்வளவுதான் என் வேலை. ஆனால் அப்படி நிறுத்திக் கேட்க முடிவது எளிதாகக் கிடைத்த ஒன்றல்ல. அதற்கு எழுபத்தைந்து ஆண்டு வரலாறு இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இந்தத் துறைக்குத்தான் வருகிறார்கள் என்பதால் அதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

*

பேபியிலிருந்தே தொடங்கலாம். ஃபிரெடரிக் வில்லியம்ஸும் டாம் கில்பர்னும் தகவலைச் சேமிக்க, தொலைக்காட்சிப் பெட்டியில் இருப்பதைப் போன்ற ஒரு கதிர்க் குழாயைப் பயன்படுத்தினார்கள். அதில் 32 வரிகள், வரிக்கு 32 இடங்கள். அதே உருவை இன்னொரு திரையிலும் காட்டினார்கள். எனவே இயந்திரத்தின் நினைவில் அந்த நொடியில் என்ன இருக்கிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. நிறுத்துவதற்கு ஒரு விசை, ஒரே ஒரு படி நகர்த்துவதற்கு ஒரு விசை. 1948 ஜூன் 21 அன்று, 17 கட்டளைகள் கொண்ட முதல் நிரல் 52 நிமிடம் ஓடி விடை சொன்னது. அதற்கு முந்தைய முயற்சிகளில் எது கெட்டது என்பதை அவர்கள் திரையைப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1949 மே மாதம், கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸின் குழு கட்டிய எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. வில்க்ஸ் தன் முதல் பெரிய நிரலை எழுதினார். 126 வரிகள். அதில் ஏறக்குறைய 20 பிழைகள். இனித் தன் வாழ்நாளில் பெரும்பகுதி தானே செய்த பிழைகளைத் தேடுவதிலேயே கழியப்போகிறது என்பது ஒருநாள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது தனக்கு உறைத்ததாகப் பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதினார். அதற்கு முன்புவரை, கவனமாக எழுதினால் நிரல் சரியாக ஓடும் என்றே பலரும் நம்பியிருந்தார்கள்.

‘பக்’ என்ற சொல்லைப் பற்றிய கதையை வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியது. அதைப் பிடித்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். அந்தப் பக்கம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. கிரேஸ் ஹாப்பர் இந்தக் கதையைப் பல மேடைகளில் சொன்னதால், பூச்சியைக் கண்டுபிடித்தவரும் அவரே, சொல்லை உருவாக்கியவரும் அவரே என்று ஆகிவிட்டது. இரண்டும் இல்லை. இயந்திரக் கோளாறைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் 1870களிலேயே எடிசனின் கடிதத்தில் இருக்கிறது. பூச்சி நல்ல கதைதான், ஆனால் பிழை வெளியிலிருந்து பறந்து வருகிறது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது. வில்க்ஸ் மாடிப்படியில் உணர்ந்தது வேறு. அவர் தேடிய பிழைகள் அவரே எழுதியவை.

கேம்பிரிட்ஜில் முதலில் ஆளாளுக்குக் கணினியின் முன் நின்று, நிரலைப் படிப்படியாக நகர்த்தித் திரையில் எட்டிப் பார்த்தார்கள். கணினியோ ஒன்று, வரிசையில் நிற்பவர்களோ பலர். ஒருவர் யோசித்துக்கொண்டு நிற்கும் நேரமெல்லாம் இயந்திரம் சும்மா இருந்தது. எட்டிப் பார்ப்பது வீண்செலவு என்று முடிவாயிற்று. அதற்குப் பதிலாக, நிரல் செத்த பிறகு நினைவகத்தை அச்சிட்டுத் தரும் துணைநிரல்களை எழுதினார்கள். அதற்கு அவர்கள் இட்ட பெயர் போஸ்ட்மார்ட்டம். ஸ்டான்லி கில் என்ற இளைஞர் இன்னொரு வழி கண்டார். நிரலை இன்னொரு நிரலின் மேற்பார்வையில் ஓடவிட்டு, அது போகும் வழியை எல்லாம் அச்சிடவைத்தார். 1951இல் ராயல் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய கட்டுரையே இந்தத் துறையின் முதல் பெரிய ஆவணம்.

அதன் பிறகு ஒரு நீண்ட காலம், கணினியின் நேரமே விலைமதிப்பானது, மனிதனின் நேரம் மலிவானது. அட்டைகளைத் துளையிட்டுச் சன்னலில் கொடுத்துவிட்டு, மறுநாள் காகிதக் கட்டை வாங்கிப் பிழையைப் படித்தார்கள். 1970களில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணினியில் வேலைசெய்த அண்ணன்மார் சிலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போனதால் ஒரு நாள் போன கதையை இன்றும் வயிறெரியச் சொல்வார்கள்.

*

நிறுத்திக் கேட்பது திரும்பக் கிடைத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். ராணுவ ஆய்வுக்காகக் கட்டிய டி.எக்ஸ்-0 என்ற கணினி 1958இல் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அதில் மாணவர்கள் நேரம் பதிவு செய்துகொண்டு தனியாக உட்கார முடிந்தது. ஜாக் டென்னிஸும் தாமஸ் ஸ்டாக்ஹாமும் அதற்கு ‘ஃபிளிட்’ என்று ஒரு நிரல் எழுதினார்கள். தட்டச்சுப் பலகையிலேயே ஓர் இடத்தைச் சொல்லி, அங்கே வந்ததும் நில் என்று கட்டளையிடலாம். நின்ற பிறகு, இந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாற்றிவிட்டுத் தொடரச் சொல்லலாம். ஃபிளிட் என்பது அந்நாளில் அமெரிக்க வீடுகளில் இருந்த பூச்சிமருந்தின் பெயர். 1961இல் பி.டி.பி-1 கணினிக்கு அதன் வாரிசு வந்தபோது, அதற்கு டி.டி.டி. என்றே பெயர் வைத்தார்கள். மலேரியா ஒழிப்புக் காலத்தில் நம் ஊர்ச் சுவர்களில் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்களே, அதே பெயர்.

இன்று நான் கறுப்புத் திரையில் தட்டச்சு செய்யும் கட்டளைகளின் பூர்வீகம் அதுதான். இங்கே நில். இதைக் காட்டு. ஒரு படி போ. தொடர்ந்து போ. யூனிக்ஸ் காலத்தில் இதே நான்கு கட்டளைகளுடன் பல கருவிகள் வந்தன. 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தன் க்னூ திட்டத்துக்காக ஒன்றை எழுதினார். அதன் பெயர் ஜி.டி.பி. செய்தித்தாளில் நிதியமைச்சர்கள் சொல்லும் ஜி.டி.பி. அல்ல, ‘க்னூ டிபக்கர்’ என்பதன் சுருக்கம். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம், ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்ற உரிமத்தோடு அதை வெளியிட்டார். அந்த நிபந்தனை இருபது ஆண்டுக்குப் பிறகு எனக்கு உதவப்போகிறது என்பது அவருக்கும் தெரியாது, ஊரில் டவுசர் போட்டுத் திரிந்துகொண்டிருந்த எனக்கும் தெரியாது.

*

இனி ஜி.பி.யு. வருகிறது. கணினி விளையாட்டுகளில் படம் வரைவதற்காகச் செய்யப்பட்ட சில்லு அது. ஒரு திரையில் லட்சக்கணக்கான புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரே கணக்கு. எனவே கெட்டிக்கார மூளை ஒன்றுக்குப் பதிலாக, எளிய கணிப்பான்கள் நூற்றுக்கணக்கில் அதில் இருக்கும். 2000களின் தொடக்கத்தில் விஞ்ஞானிகள் இதை வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்தப் பார்த்தார்கள். கணக்கைப் படம் போல வேடமிட்டு உள்ளே அனுப்புவார்கள். விடையும் படமாகவே வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வழியே இல்லை. எண் எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தால் அந்தப் புள்ளியைச் சிவப்பாக்கு, இல்லையென்றால் பச்சையாக்கு என்று எழுதிவிட்டு நிறத்தைப் பார்த்து ஊகிப்பார்கள். ஊமையிடம் ‘ஆமாம்’ என்றால் தலையாட்டு என்று கேட்பதைப் போல.

ஸ்டான்ஃபோர்டில் இயன் பக் என்ற ஆய்வு மாணவர் 2004இல் ‘புரூக்’ என்ற மொழியை வெளியிட்டு, இந்த வேடத்தை ஓரளவு கலைத்தார். பிறகு என்விடியா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 2007இல் முழுமையாக வெளிவந்ததுதான் கூடா. ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வருகிறது. முதல் சில ஆண்டுகள் அது பொருத்தமான பெயராகவே இருந்தது. நிறுத்தக் கூடாது, கேட்கக் கூடாது, உள்ளிருந்து ஒரு வரியைக்கூட அச்சிடக் கூடாது. நிரல் தவறான இடத்தில் கைவைத்தால், ‘குறிப்பிடப்படாத தோல்வி’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். எந்த வரி, எந்த எண் என்று எதுவும் இல்லை. சாதாரணக் கணினியிலேயே ஜி.பி.யு. போல நடித்துக் காட்டும் ஒரு முறை இருந்தது. நடிப்பில் பிழை வராது, மேடை மாறினால் வந்துவிடும்.

1948இல் ஒரு கணினியின் நினைவகம் முழுவதையும் கண்ணால் பார்க்க முடிந்தது. 2007இல், அதைப் போலப் பல கோடி மடங்கு வேகமான ஒன்றிடம் ஒரு எண்ணைக் காட்டு என்று கேட்க முடியவில்லை. தொழில்நுட்பம் முன்னால் மட்டுமே போகும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். வேகம் முதலில் வருகிறது. கேட்கும் வழி, யாராவது வற்புறுத்தினால், பிறகு வருகிறது.

இதில் நெசவாளர் வீட்டுப் பிள்ளையை நிமிர்ந்து உட்காரவைக்கும் ஒரு செய்தி உண்டு. ஜி.பி.யு.வில் ஒரு கணக்கின் ஓட்டத்தை ‘த்ரெட்’, அதாவது இழை, என்கிறார்கள். 32 இழைகள் சேர்ந்து ஒரே கட்டளையை ஒரே நேரத்தில் செய்யும். அந்த 32 கொண்ட கட்டுக்குப் பெயர் ‘வார்ப்’. அகராதியில் பார்த்தால், நம் பாவு. தற்செயல் இல்லை. இந்தச் சொல் நெசவிலிருந்து வந்தது என்றும், இழைகளை இணையாக ஓட்டிய முதல் தொழில்நுட்பம் நெசவுதான் என்றும் என்விடியாவின் கையேடே ஓரிடத்தில் குறிப்பிடுகிறது. அப்புச்சி உயிரோடு இருந்திருந்தால் படித்துக் காட்டியிருப்பேன்.

*

2009இல் நான் இந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுகலை மாணவன். ஆய்வேட்டுத் தலைப்பு, சி.டி. ஸ்கேன் படங்களை ஜி.பி.யு.வில் உருவாக்குவது. எக்ஸ்-கதிர்கள் உடலின் பல கோணங்களில் ஊடுருவி வந்த அளவுகளிலிருந்து, உள்ளே இருப்பதைக் கணக்கிட்டு வரைய வேண்டும். சோதித்துப் பார்க்க எல்லோரும் ஷெப்பும் லோகனும் 1974இல் வகுத்த மாதிரித் தலையைப் பயன்படுத்துவார்கள். நீள்வட்டங்களால் ஆன கற்பனைத் தலை அது. எங்கே என்ன இருக்க வேண்டும் என்பது முன்பே தெரியும்.

என் நிரல் வேகமாக ஓடியது. துறைக் கருத்தரங்கில் படங்களைக் காட்டிக் கைதட்டலும் வாங்கினேன். அதற்கு அடுத்த வாரம்தான் கவனித்தேன். ஏறக்குறைய இருபது முறை ஓட்டினால் ஒருமுறை, மாதிரித் தலைக்குள் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சிறிய வெள்ளைப் புள்ளி வந்தது. மறுபடி ஓட்டினால் இல்லை.

என் வழிகாட்டி நல்ல மனிதர், வேலைப்பளு உள்ளவர். இரைச்சலாக இருக்கும், நான்கைந்து முறை ஓட்டிச் சராசரி எடுத்துவிடு, மறைந்துவிடும் என்றார். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மூன்று வாரம் இருந்தது. அதற்குப் பிறகு விசா, வேலை, ஊரில் வாங்கிய கடன். சராசரி எடுத்தேன். புள்ளி மங்கித்தான் போனது.

ஆனால் தூங்க முடியவில்லை. மாதிரித் தலை என்பதால் அந்தப் புள்ளி பொய் என்று எனக்குத் தெரியும். உண்மையான தலையில் யாருக்குத் தெரியும்? அதே ஆண்டு ஒரு பாடத்துக்காகத் தெராக்-25 பற்றி நான்சி லெவிசன் எழுதியதைப் படித்திருந்தேன். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் கணினி இயந்திரம் அது. 1985 முதல் 1987 வரை வட அமெரிக்காவில் நோயாளிகள் ஆறு பேருக்கு மிகையான கதிர்வீச்சைப் பாய்ச்சியது. சிலர் இறந்தார்கள். ஒரு காரணம், இரண்டு வேலைகள் ஒன்றையொன்று முந்திக்கொள்ளும் பிழை. இயக்குபவர் விவரங்களைச் சில நொடிகளுக்குள் வேகமாகத் திருத்தினால் மட்டுமே அது வெளிப்படும். மெதுவாகச் சோதித்தவர்களுக்கு வரவில்லை. இயந்திரம் சொன்னதெல்லாம் ‘கோளாறு 54’ என்ற எண் மட்டும். டெக்சாஸின் டைலர் நகர மருத்துவமனையில் ஃபிரிட்ஸ் ஹேகர் என்ற இயற்பியலாளர், இயக்குநரை உட்காரவைத்து, அன்று செய்ததை அதே வேகத்தில் மீண்டும் மீண்டும் செய்யச் சொல்லி அந்தக் கோளாறைத் தானே வரவழைத்தார். அதன் பிறகே உற்பத்தியாளர் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கட்டுரையைப் படித்தவன் எப்படிச் சராசரி எடுத்துவிட்டுத் தூங்குவது?

அந்தச் சமயத்தில்தான் என்விடியாவின் புதிய கருவி என் கைக்கு வந்தது. பெயர் கூடா-ஜி.டி.பி. ஸ்டால்மனின் பழைய ஜி.டி.பி.யையே எடுத்து, ஜி.பி.யு.வுக்குள்ளும் நிறுத்திக் கேட்கும்படி நீட்டியிருந்தார்கள். உரிமத்தின் நிபந்தனைப்படி அதன் மூலநிரலும் திறந்தே இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். ஜி.பி.யு.வை நிறுத்தினால் அது வரையும் திரையும் உறைந்துவிடும். எனவே திரைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என இரண்டு கார்டு வேண்டும். ஆய்வகக் கணினியில் இருந்தது ஒன்றுதான். மற்றவர்கள் போன பிறகு, சன்னல்களும் படங்களும் கொண்ட முகப்பை முழுவதும் நிறுத்திவிட்டு, பக்கத்து மேசைக் கணினியிலிருந்து நெட்வொர்க் வழியே உள்ளே நுழைவேன். எழுத்து மட்டுமே உள்ள கறுப்புத் திரை அது. எனக்கு அது தேவை கருதி வந்த பழக்கம்.

முதல் இரண்டு இரவு வீண். பிழை தேடுவதற்கென்று தொகுத்தால், தொகுப்பி தன் வேகத் தந்திரங்களை எல்லாம் விட்டுவிடும். நிரல் மெதுவாகும். மெதுவாக ஓடும்போது புள்ளி வரவே இல்லை. தெராக்கைச் சோதித்தவர்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது.

மூன்றாவது இரவு, புள்ளியைத் தேடுவதை விட்டேன். எண்களைக் கூட்டும் வரிசையின் நடுவே நில் என்று மட்டும் சொன்னேன். நின்றது. எல்லா இழைகளும் எங்கே நிற்கின்றன என்று கேட்டேன். அதற்கு ஒரு கட்டளை உண்டு. அந்தக் கார்டில் ஒரே நேரத்தில் 30,720 இழைகள்வரை உயிரோடு இருக்கலாம். அத்தனையையும் ஒவ்வொன்றாகக் காட்டினால் மனிதனால் படிக்க முடியாது. ஒரே இடத்தில் நிற்பவற்றை ஒன்றாகத் தொகுத்து, இந்த எண் முதல் இந்த எண் வரை இந்த வரியில் என்று சுருக்கிக் காட்டும். நான் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் 64 இழைகள். 0 முதல் 31 வரை 41ஆம் வரியில் நின்றன. 32 முதல் 63 வரை 37ஆம் வரியில் நின்றன.

அதைக் கண்டதும் வயிற்றில் ஏதோ இறங்கியது. 37ஆம் வரியில், 64 இழைகளும் ஆளுக்கொரு எண்ணைப் பொது மேசையில் வைக்க வேண்டும். 41ஆம் வரியில், முதல் 32 இழைகள் அந்த எண்களை இரண்டிரண்டாகக் கூட்ட வேண்டும். எல்லோரும் வைத்து முடித்துவிட்டுத்தான் கூட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் சேர்ந்து நடப்பது ஒரு பாவின் 32 இழைகள் மட்டுமே. இரண்டாவது பாவு அதன் போக்கில் வரும். அது பிந்தினால், முதல் பாவு மேசையில் கிடந்த பழைய எண்ணை எடுத்துக் கூட்டிவிடும். அதுதான் என் வெள்ளைப் புள்ளி. ‘எல்லோரும் வரும்வரை நில்’ என்று சொல்லும் ஒரு வரியை நான் எழுதவில்லை.

அன்றிரவும் புள்ளி வரவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழை கண்ணில் படவே இல்லை. அது பிறக்க வழி இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. வெளியே நின்று விடையை மட்டும் ஆயிரம் முறை பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

ஒரு வரியைச் சேர்த்தேன். ஆயிரம் முறை ஓட்டினேன். புள்ளி வரவில்லை. ஆனால் வேலை அதோடு முடியவில்லை. கருத்தரங்கில் காட்டிய படங்கள் அந்தப் பிழையோடு வந்தவை. என் நிரலை ஓர் ஆய்வு மாணவர் வாங்கிப்போயிருந்தார். இரண்டு தரப்புக்கும், நான் தந்தது தவறு என்று கடிதம் எழுதினேன். எழுதியதை அனுப்ப ஒரு நாள் முழுக்கத் தயங்கினேன். அந்நிய நாட்டில், எல்லோருக்கும் முன்னால் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்த பிறகு, அதைத் தானே திருத்தி எழுதுவது எவ்வளவு கடினம் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரிந்திருக்கும். வழிகாட்டி படித்துவிட்டு, “அப்படியானால் அது இரைச்சல் இல்லை” என்றார். ஆய்வேடு இரண்டு நாள் தாமதம். அதற்கு உண்டான மதிப்பெண்ணைக் கழித்தார்கள். நியாயம்தான்.

*

அதற்குப் பிறகு கருவிகள் வெகுவாக வளர்ந்துவிட்டன. 2010இல் வந்த ஃபெர்மி தலைமுறைக் கார்டுகளில் உள்ளிருந்தே அச்சிட முடிந்தது. 2012இல், இழைகள் பொது மேசையில் முந்திக்கொள்கின்றனவா என்று தானாகவே சோதிக்கும் கருவி வந்தது. என் மூன்று இரவுகளை அது சில நிமிடங்களில் முடித்திருக்கும். 2017இல் வந்த வோல்டா தலைமுறையில் ஒரு பாவின் 32 இழைகளும்கூட எப்போதும் சேர்ந்தே நடக்கும் என்ற உறுதி போய்விட்டது. என்னைவிடக் கவனமானவர்கள் எழுதிய பழைய நிரல்களும் அப்போது பிழையாயின. ஏ.எம்.டி. நிறுவனமும் தன் ஜி.பி.யு.களுக்கு அதே ஜி.டி.பி.யைத்தான் நீட்டிக்கொண்டது. வண்ணச் சன்னல்கள் கொண்ட கருவிகளும் வந்துவிட்டன, நல்லவைதான். இருந்தாலும் பெரிய ஜி.பி.யு.கள் இன்று திரையே இல்லாத அறைகளில், நாம் பார்த்திராத ஊர்களில் இருக்கின்றன. அங்கே போய்ச் சேர்வது எழுத்துதான். 1961இல் தட்டச்சுப் பலகையில் கேட்ட அதே நான்கு கேள்விகள்.

பாவு அறுந்தால் தானாக நிற்கும் தறி உண்டா என்ற அம்மாவின் கேள்விக்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த ‘ஜி’ வகைத் தானியங்கித் தறி அப்படி நின்றது. இழை அறுந்ததும் நின்றுவிடுவதால், கெட்ட துணி நெய்யப்படாது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளவும் முடிந்தது. அதன் உரிமையை 1929இல் விலைகொடுத்து வாங்கியது மான்செஸ்டருக்குப் பக்கத்திலுள்ள ஓல்டம் நகரின் பிளாட் சகோதரர்கள் நிறுவனம். உலகுக்குத் தறி செய்து கொடுத்த ஊர், நிற்கத் தெரிந்த தறியை வெளியிலிருந்து வாங்கியது. கோளாறு தெரிந்தால் உடனே நிறுத்து என்ற அந்தக் கொள்கையைத்தான் டொயோட்டா கார் ஆலைகள் பின்னாளில் பின்பற்றின.

என் தொழிலில் இன்று அதிகம் கேட்கும் வாக்கியம், “ஓடுகிறதே, எதற்கு நிறுத்த வேண்டும்?” என்பது. அண்மையில் ஒரு வாடிக்கையாளர் கூட்டத்திலும் கேட்டேன். நிரலைப் பாதிக்குமேல் செயற்கை நுண்ணறிவு எழுதியிருந்தது, விடைகள் பெரும்பாலும் சரியாகவே வந்தன. இடையிடையே சில எண்கள் மட்டும் ஒத்துவரவில்லை. சராசரியில் மறைந்துவிடும் என்றார் ஓர் இளைஞர். நம்மூர்ப் பையன், கெட்டிக்காரன், 2009இன் என் சாயல் இருந்தது. இயந்திர நேரம் மணிக்கு இவ்வளவு என்று கணக்கும் சொன்னார். கேம்பிரிட்ஜில் 1950இல் எட்டிப் பார்ப்பதை நிறுத்தியபோது சொன்ன அதே கணக்கு.

நான் வாதாடவில்லை. ஒரு மணி நேரம் கேட்டு வாங்கி, அவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கறுப்புத் திரையைத் திறந்தேன். எங்கோ ஓர் அறையில் இருந்த எச்-100 கார்டு. அதில் ஒரே நேரத்தில் 2,70,336 இழைகள்வரை ஓடலாம். “எதைத் தேடப் போறோம்ணா?” என்று கேட்டார். தேடுவது அப்புறம், முதலில் நிறுத்துவோம் என்றேன்.